வளர்மதி அப்பாவின் தேதி

3 ஜூலை 2025, வியாழன்

கண் ஆபரேஷன் ஆகி ஒரு மாதம் எழுதக் கூடாது என்றார் டாக்டர். நேற்றோடு மாதம் முடிந்தது. இன்று முதல் எழுதுகிறேன். வலது கண்ணில் எழுத்து கருப்பாகத் தெரிகிறது. இடது கண்ணில் இன்னும் புகைதான்.

பலராமன் வந்தான். சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவன், பக்கத்து ஊர். மாஜி ராணுவத்தார் சங்கத்துக்கு இப்போது அவன்தான் தலைவராம். வெயிலில் வாசலிலேயே நின்றான். உள்ளே வா என்று நான் சொல்லவில்லை. அவனும் எதிர்பார்த்த மாதிரி தெரியவில்லை. நம் பக்கத்து ஊர்களிலிருந்து பட்டாளத்துக்குப் போய்ச் செத்தவர்களுக்கு ஸ்கூல் பக்கத்தில் கல் வைக்கப் போகிறார்களாம், மூன்று பெயர். ஆகஸ்ட் பதினைந்தில் திறப்பு. என் வீட்டுக்காரர் பெயரும் உண்டு. இறந்த தேதி வேண்டும் என்றான்.

"எண்பத்தெட்டு, செப்டம்பர் இருபது, செவ்வாய்க்கிழமை" என்றேன்.

அவன் கையில் பேனா இருந்தது. எழுதிக்கொள்ளவில்லை. என் முகத்தைப் பார்த்தான், அப்புறம் செருப்பைப் பார்த்தான். ரெக்கார்டு ஆபீசுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன், காகிதம் வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் அக்கா என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான்.

என் வீட்டுக்காரர் செத்த தேதியை நான் சொல்கிறேன், இவனுக்குக் காகிதம் வேண்டுமாம்.

இவன் மேல் எனக்கு இருக்கிற கோபம் இன்று நேற்று வந்ததில்லை. இவனும் அவரும் இலங்கையில் ஒரே கூடாரத்தில் இருந்தவர்கள். அவருக்கு வந்த லீவில் இவன் வீட்டுக்கு வந்தான். இவன் பெண்டாட்டிக்குப் பிரசவம், அதனால் அவர் தன் முறையை இவனுக்கு விட்டுக்கொடுத்தார். இவன் வந்து பிள்ளை முகத்தைப் பார்த்துவிட்டுப் போனான். அவர் வரவே இல்லை. அடுத்த வருடம் தை மாதத்தில் இவன் துக்கம் கேட்க வந்தபோது முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாளும் போட்டேன்.


4 ஜூலை

ரேஷன் கடைக்குப் போனேன். பருப்பு வரவில்லை. விரல் ரேகை மிஷினில் என் விரல் விழவில்லை, நாலு தடவை தேய்த்தேன்.


6 ஜூலை, ஞாயிறு

மகள் வளர்மதி ஆரணியிலிருந்து வந்தாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்சு, ஞாயிறு மட்டும்தான் வர முடியும். கண்ணில் சொட்டு மருந்து விட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, வீட்டைக் கழுவிவிட்டுப் பேச்சோடு பேச்சாக, மரகதம் அத்தை குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு பிசகிவிட்டது, போளூரில் கட்டிலோடு கிடக்கிறது, ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வரலாமே அம்மா என்றாள்.

நான் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். ஆய்ந்துகொண்டே இருந்தேன்.

மரகதம் என் நாத்தனார், அவருக்குக் கூடப் பிறந்த ஒரே தங்கை. முப்பத்தேழு வருடமாகப் பகை. அவளைக் கட்டிக் கொடுத்த வீட்டு வாசல்படியை நான் மிதித்ததில்லை. கல்யாணம், கருமாதி என்றால் பார்ப்போம். நேராகப் பேச மாட்டேன். "தண்ணி வேணுமான்னு கேளு" என்று பக்கத்தில் இருப்பவளிடம் சொல்வேன். மாமியார் வீட்டுப் பித்தளை அண்டாவை மரகதம் தூக்கிக்கொண்டு போய்விட்டாள், அதனால்தான் பகை என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். வளர்மதியும் அப்படித்தான் நினைக்கிறாள்.

"ஒரு அண்டாவுக்கு இத்தினி வருஷமாம்மா?" என்றாள் இன்றைக்கும்.

நினைத்துக்கொள்ளட்டும். அண்டாவை நானேதான் எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன்.


10 ஜூலை

மிக்சி ஜாரில் ரப்பர் போய்விட்டது. தேங்காய் அரைத்தால் கீழே ஒழுகுகிறது. அம்மியில் அரைத்தேன். தோள் வலி.


13 ஜூலை, ஞாயிறு

காகிதம் வந்துவிட்டது. பலராமன் கொண்டு வந்து வளர்மதியிடம் கொடுத்தான். அவள் இருக்கிற நாளாகப் பார்த்து வந்திருக்கிறான், சமர்த்தன். இங்கிலீஷில் ஒரு பக்கம். வளர்மதி வாசலில் நின்று படித்தாள். ஒரு இடத்தில் நிறுத்தினாள். உள்ளே போய்ப் பெட்டியிலிருந்து என்னுடைய பென்ஷன் காகிதத்தைக் கொண்டுவந்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"ரேங்க் நாயக், பேரு ஏகாம்பரம். இறந்தது ஒம்பது செப்டம்பர்னு போட்டிருக்கும்மா. ரெண்டுலயும் ஒம்பதுதான்."

எனக்கு முதலில் புரியவில்லை. தந்தி இருபதாம் தேதி வந்தது. நம் ஊர் தந்தியெல்லாம் இங்கிலீஷில்தான் வரும். போஸ்ட்மேன் எடுத்துக்கொண்டு போய் ஹெட்மாஸ்டரிடம் காட்டினார். அவர் மேலே இருந்த, தந்தி அனுப்பிய தேதியைப் படித்து, இருபதாம் தேதி, யுத்தத்தில் உயிர் விட்டார் என்றார். உடம்பு வரவில்லை, அங்கேயே எரித்துவிட்டார்கள். ஒரு மாதம் கழித்துச் சாம்பல் மட்டும் ஒரு செம்பில் வந்தது. மாமனார் அந்த இருபதாம் தேதியைப் பஞ்சாங்கத்தில் பார்த்து, புரட்டாசி வளர்பிறை தசமி என்று எழுதி வைத்தார். அன்றிலிருந்து அந்த நாளில்தான் படையல். பென்ஷன் காகிதம் பெட்டியில் கிடந்தது. அதைப் பிரித்துத் தேதி பார்க்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? தேதிதான் எல்லோருக்கும் தெரியுமே.

வளர்மதி அழுதாள். முப்பத்தாறு வருடம் அப்பாவுக்குத் தப்பான நாளில் சோறு வைத்திருக்கிறோமே, அவர் பசியோடு வந்து திரும்பிப் போயிருப்பாரே என்று. பக்கத்து வீட்டு அஞ்சலையும் வந்து கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். பரிகாரம் இருக்கிறது, ராமேஸ்வரம் போனால் சரியாகும் என்றாள். இரண்டு பேரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள்.

மத்தியானம் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன். அதிர்ச்சியில் அப்படி இருக்கும் என்று அஞ்சலையிடம் வளர்மதி சொன்னது காதில் விழுந்தது.


14 ஜூலை, திங்கள்

இன்று எழுதியே ஆக வேண்டும். யாரிடமும் சொல்லாததை இந்த நோட்டிலாவது எழுதுகிறேன்.

1988 ஆவணியில் வளர்மதிக்கு மொட்டை அடித்துக் காது குத்துவதாக இருந்தது. அவர் லீவில் வருவார் என்று நாள் குறித்து, ஆடு வாங்கிக் கட்டி, பச்சையம்மன் கோயிலுக்கு என் அண்ணன் வீட்டார் எல்லோரையும் அழைத்தாகிவிட்டது. அப்போது கடிதம் வந்தது. பலராமனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டேன், பாவம் அவன் பெண்டாட்டிக்கு மாசம், நான் தையில் வருகிறேன், கோபித்துக்கொள்ளாதே என்று.

எனக்கு அப்போது எழுத வராது. மூன்றாவதோடு நிறுத்திவிட்டார்கள், கையெழுத்துப் போடுவேன், அவ்வளவுதான். நான் சொல்லச் சொல்ல மரகதம்தான் எழுதுவாள். கல்யாணமாகாத பெண், வீட்டில் இருந்தாள், எட்டாவது பாஸ். அன்று ஆகஸ்ட் 31, புதன்கிழமை. கோபத்தில் சொன்னேன். ஊரான் பெண்டாட்டி பெற்றால் உனக்கென்ன என்று தொடங்கி நிறையச் சொன்னேன். முடிக்கும்போது, "இனி நீ வந்தால் என்ன, வராவிட்டால் என்ன. நீ இல்லாமலே எங்களுக்குப் பழகிவிட்டது. அங்கேயே கிட" என்று சொன்னேன்.

மரகதம் அதையும் எழுதினாள். இன்லேண்டுக் கடிதத்தை ஒட்டி, பெட்டியில் போட எடுத்துக்கொண்டு போனாள்.

செப்டம்பர் இருபதாம் தேதி தந்தி.

அங்கேயே கிட என்றேன். அங்கேயே கிடந்தார்.

அவர் அதைப் படித்திருப்பார் என்றுதான் இத்தனை வருடம் இருந்தேன். பத்துப் பன்னிரண்டு நாளில் கடிதம் போய்விடும். இருபதாம் தேதிக்குள் நிச்சயமாகக் கையில் கிடைத்திருக்கும். எங்கே உட்கார்ந்து படித்திருப்பார், படித்து என்ன நினைத்திருப்பார், அந்த நினைப்போடுதான் போய் நின்றாரா என்று யோசிக்காத நாள் இல்லை.

மரகதத்தின் மேல் கோபம் அதுதான். அவள் கையில் பேனா இருந்தது. கோபத்தில் ஒருத்தி உளறுகிறாள் என்று அந்த ஒரு வரியை விட்டிருக்கலாம். அண்ணன் மேல் பாசம் இருந்தால் விட்டிருப்பாள். அவள் விடவில்லை. அதனால்தான் தொண்ணூற்றொன்றில் அறிவொளி வகுப்பு வந்தபோது, புங்கமரத்தடியில் கிழவிகளோடு உட்கார்ந்து எழுதக் கற்றுக்கொண்டேன். என் வாயில் வருவதை இனி இன்னொருத்தி கை எழுதக் கூடாது.

இப்போது காகிதம் ஒன்பதாம் தேதி என்கிறது. ஆகஸ்ட் 31லிருந்து செப்டம்பர் 9 வரை ஒன்பது நாள்.

ஒன்பது நாளில் போயிருக்குமா?


15 ஜூலை

போயிருக்காது.


17 ஜூலை, வியாழன். ஆடி ஒன்று

போயிருக்கலாம். அந்த வருடம் வளர்மதிக்கு அம்மை போட்டிருந்ததை எழுதச் சொல்லிப் போட்டேன். பதினைந்தாவது நாள் அவரிடமிருந்து பதில் வந்துவிட்டது. போக ஏழு, வர எட்டு. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, பதில் வந்த அன்றுதான் எருமை கன்று போட்டது.

கூழ் ஊற்றப் போகவில்லை. கால் வலி என்று சொல்லி அனுப்பினேன்.


18 ஜூலை, வெள்ளி

வளர்மதிக்குப் போன் போட்டு, பலராமன் நம்பரைக் கேட்டேன். எதற்கு என்றாள். கல்லில் பெயரை ஒழுங்காக வெட்டுகிறானா என்று கேட்க வேண்டும் என்றேன். அவன் உன் வாசலில் நின்றே கால் வீங்கிப்போயிருக்கும், இந்தத் தடவையாவது ஒரு நாற்காலி போடு என்றாள்.


20 ஜூலை, ஞாயிறு

பலராமன் வந்தான். கூடத்தில் நாற்காலி போட்டிருந்தேன். அவன் நுனியில் உட்கார்ந்தான், எழுந்து போகச் சொல்லிவிடுவேனோ என்பது போல. நேராகக் கேட்டேன், ஒன்பதாம் தேதி என்பது உனக்கு முன்பே தெரியுமா என்று.

தெரியும் என்றான். ஊரில் இருபதாம் தேதி என்று சொல்கிறார்கள் என்பதும் பத்து வருடம் முன்பே காதில் விழுந்ததாம். "சொல்லணும்னுதான்க்கா அந்தத் தையில வந்தேன். எல்லாத்தையும் சொல்லணும்னு வந்தேன். நீங்க கதவைச் சாத்திட்டீங்க. அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சிகினு வர்றது? அவரு லீவுல பொழச்சவன் நானு."

அவனாகவே சொன்னான். வவுனியாவுக்கு வடக்கே காட்டுக்குள் முகாம். காலை ஏழரை மணிக்குத் தண்ணீர் எடுக்கப் போன வண்டி, ரோட்டில் புதைத்து வைத்திருந்த கண்ணிவெடி. வண்டியில் ஆறு பேர். இன்னார் இன்னார் என்று பிரித்துச் சொல்லவே ஒரு வாரம் ஆகிவிட்டது, அதனால்தான் தந்தி தாமதம் என்றான். அந்த இடத்தில் வேகமாகச் சொல்லிவிட்டு நகர்ந்தான். சத்தம் கேட்பதற்கு முன்பே முடிந்திருக்கும், வலி தெரிந்திருக்காது என்றான். லீவு முடிந்து இவன் முகாமுக்குத் திரும்பியது பன்னிரண்டாம் தேதி. போனதும்தான் தெரிந்ததாம்.

அவருடைய சாமான்களை யார் எடுத்து வைத்தது என்று கேட்டேன். "நான்தான்" என்றான்.

கடிதங்கள் இருந்ததா?

இருந்தது, எல்லாவற்றையும் பெட்டியில் வைத்துச் சீல் போட்டு அனுப்பினேன் என்றான். அந்தப் பெட்டி வந்தது. அந்தக் கடிதக் கட்டை நான் பிரித்துப் பார்க்கவே இல்லை, மாமனார் செத்தபோது அவர் சாமான்களோடு ஆற்றில் விட்டுவிட்டேன். அதை அவனிடம் சொல்லவில்லை.

பிறகு அவனே சொன்னான். "பிள்ளையார் சதுர்த்தி கழிச்சி அவரு பேருக்கு ஒரு இன்லேண்டு வந்துச்சிக்கா. எங்க செக்‌ஷன்ல ஒரு வழக்கம். போனவன் பேருக்கு வர்ற கடிதாசியை யாரும் பிரிக்கக் கூடாது. திருப்பி அனுப்பினா எழுதினவங்க கையிலயே போய் விழும், அது பாவம். அதனால கொளுத்திடுவோம். நான்தான் கற்பூரம் வெச்சிக் கொளுத்தினேன். பிரிக்கல. சத்தியமா பிரிக்கல."

எத்தனை கடிதம் என்று கேட்டேன். ஒன்றுதான் என்றான். யார் எழுத்து என்று கேட்டேன்.

"உங்க வீட்டுலேருந்து வர்ற எழுத்துதான். குண்டு குண்டா இருக்கும். எங்களுக்கெல்லாம் அந்த எழுத்து நல்லாத் தெரியும், அண்ணன் காட்டும். அதுல முக்கியமா ஏதாச்சும் எழுதியிருந்தீங்களாக்கா?"

"காது குத்துக்கு வேற நாள் பாக்கலாமான்னு கேட்டிருந்தேன்" என்றேன்.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். காபி போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை வியாதி என்று சொல்லத் தயங்கி, இனிப்பாகவே குடித்துவிட்டுப் போனான்.


21 ஜூலை, திங்கள்

பலராமன் பிரிக்கவில்லை என்றார். சத்தியம் செய்தார்.

கொத்தமல்லி வாங்கி ஆய்ந்து வைத்தேன். மிக்சிக்கு ரப்பர் போட்டாயிற்று. அஞ்சலை ராமேஸ்வரம் பஸ்ஸைப் பற்றிச் சொன்னாள், ஆளுக்கு இவ்வளவாம். சரி சரி என்று கேட்டுக்கொண்டேன். நீ என்னவோ பாட்டு முணுமுணுக்கிறாய் என்றாள். நானா?


22 ஜூலை, செவ்வாய்

சந்தோஷம் ஒரு நாளைக்குத்தான்.

குண்டு குண்டு எழுத்து என்றால் மரகதம் எழுத்து. என் கடிதமும் அவள் எழுத்துதான். அவள் அண்ணனுக்குத் தனியாகப் போடுகிற கடிதமும் அவள் எழுத்துதான். மாதம் ஒன்று போடுவாள், எனக்குத் தெரியும். பலராமன் எரித்தது அவள் கடிதமாக இருந்தால்? என்னுடையது முன்பே போய்ச் சேர்ந்து, ஆற்றில் விட்ட அந்தக் கட்டுக்குள் இருந்திருந்தால்?

இதைச் சொல்ல உலகத்திலேயே ஒருத்திதான் இருக்கிறாள்.


23 ஜூலை

சோறு இறங்கவில்லை. வளர்மதிக்குச் சொல்லாமல் போளூர் பஸ் எத்தனை மணிக்கு என்று டீக்கடையில் கேட்டேன். இந்த டீக்கடையில்தான், சாம்பல் வந்த அன்று, நம்ம ஜனத்தையே சுடப் போனவனுக்கு மாலை ஒரு கேடா என்று ஒருவன் சொன்னான். யார் சொன்னது என்று எனக்குத் தெரியும். அவன் சாவுக்கு நான் போகவில்லை. இப்போது கடையில் அவன் மகன் இருக்கிறான். ஒன்பது நாற்பதுக்குப் பஸ், நிழலில் உட்காருங்கம்மா என்றான். நல்ல பையன்தான்.


24 ஜூலை, வியாழன். ஆடி அமாவாசை

காலையில் காக்கைக்குச் சோறு வைத்துவிட்டுப் பஸ் ஏறினேன். அமாவாசைக் கூட்டம். கண்ணமங்கலம் வரை நின்றேன். அங்கே ஒருத்தி எழுந்து இடம் கொடுத்தாள்.

மரகதம் வீட்டை விசாரித்துத்தான் போனேன். மருமகள் கதவைத் திறந்தாள். நான் யார் என்று அவளுக்குத் தெரியவில்லை. "மேல்பாடூர் அண்ணி வந்திருக்காங்கன்னு உங்க அத்தைகிட்ட சொல்லு" என்றேன். உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. எழுந்திருக்கப் பார்த்திருக்கிறாள், முடியவில்லை.

அவளை அடையாளமே தெரியவில்லை. பாதி உடம்புதான் இருக்கிறது. என்னைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள், புது மருமகள் போல. "வாங்கண்ணி" என்றாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் யாரும் இல்லை. நான் நேராகப் பேசியாக வேண்டும்.

மருமகள் டீ போடப் போனதும் கேட்டேன். "அந்தக் கடிதாசி போட்டியே. அதுக்கு அப்புறம் உங்க அண்ணனுக்கு நீ தனியா ஏதாச்சும் எழுதினியா?"

எந்தக் கடிதாசி என்று அவள் கேட்கவில்லை.

"எழுதல."

"நல்லா யோசிச்சிச் சொல்லு மரகதம். அந்த மாசக் கடிதாசி?"

"யோசிக்க இன்னா கீதண்ணி? அதை எழுதின கையால அண்ணனுக்கு வேற இன்னான்னு எழுதுறது? பேனாவ எடுத்து எடுத்துக் கீழ வெச்சேன். அதோட தந்தி வந்துடுச்சி."

நான் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். அவள் தொடர்ந்து பேசினாள். நிறுத்தினால் நான் எழுந்து போய்விடுவேன் என்று பயந்த மாதிரி பேசினாள். புதன்கிழமை எழுதிய கடிதத்தை அவள் திங்கட்கிழமைதான் பெட்டியில் போட்டாளாம். ஐந்து நாள் துணி மூட்டைக்குள் வைத்திருந்தாளாம். இரண்டு தடவை போஸ்டாபீஸ் வரைக்கும் போய்த் திரும்பி வந்தாளாம். "போட்டியா, போட்டியான்னு நீங்க கேட்டுகினே இருந்தீங்க. வியாழக்கெழமையே போட்டேன்னு பொய் சொன்னேன். அப்புறம் பொய்யா போச்சேன்னு போட்டுட்டேன்."

திங்கட்கிழமை என்றால் செப்டம்பர் ஐந்து. ஒன்பதாம் தேதி காலை ஏழரை மணி. நான்கு நாளில் எந்தக் கடிதமும் கடலைத் தாண்டியதில்லை.

ஆனாலும் கேட்டுவிட்டேன். முப்பத்தேழு வருடமாகத் தொண்டையில் இருந்தது. "அந்தக் கடைசி வரியை நீ விட்டிருக்கலாம் இல்ல? நான் கோவத்துல சொன்னா, அப்படியே எழுதணுமா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "எட்டாவது பாஸுன்ற திமிருதான் அண்ணி. சொன்னதை ஒரு வார்த்தை விடாம எழுதினேன்னு பெருமை. எழுதி முடிச்சி உங்களுக்குப் படிச்சிக் காட்டினேனே. நீங்க கேட்டுட்டு, நல்லா கீது, ஒட்டுன்னீங்க."

சொன்னேன். அது எனக்கு நினைவிருக்கிறது. மற்றதெல்லாம் எப்படி நினைவிருக்கிறதோ அப்படித்தான் அதுவும்.

மருமகள் டீயை வைத்துவிட்டுப் போகும்வரை இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு சொன்னேன். தேதி தப்பு என்பதை, ரெக்கார்டு ஆபீஸ் காகிதத்தை, பலராமன் கற்பூரம் வைத்து எரித்ததை எல்லாம் சொன்னேன். அவள் வாயைத் திறந்தபடி கேட்டாள். பாதியிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது என்று தெரிந்தது. இருந்தாலும் முழுவதும் சொல்லி முடித்தேன். "உங்கண்ணன் கைக்கு அது சேரலடி மரகதம். படிக்கவே இல்ல."

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சத்தமே வரவில்லை. நான் எழுந்து கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். டீ ஆறி ஏடு படிந்துவிட்டது.

"நான்தான் அண்ணனைக் கொன்னேன்னு இருந்தேன்" என்றாள். "நீங்க என் மூஞ்சில முழிக்காம இருந்தது சரிதான்னு நெனச்சேன். அதான் ஒரு நாளும் வந்து ஏன்னு கேக்கல."

நான் அவளைத் தண்டித்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் அதற்கு ஒத்துழைத்திருக்கிறாள்.

அவள் மூக்கை உறிஞ்சிவிட்டு, "ஆட்டைப் பத்தி எழுதச் சொன்னீங்களே, ஞாபகம் கீதா?" என்றாள். எனக்கு அது மறந்தே போயிருந்தது. அந்தக் கடைசி வரியைச் சுற்றிச் சுற்றி வந்ததில் மற்றதெல்லாம் போய்விட்டது. அவளுக்கு முழுக் கடிதமும் மனப்பாடம். படிப்பது போலவே சொன்னாள். "காது குத்துக்கு ஆடு வாங்கிக் கட்டியிருக்கு. உன் எடத்துல அந்த ஆட்டையே மணையில உக்கார வெச்சி விசேஷத்தை முடிச்சிக்கிறோம். அது ஊருக்கு உபகாரம் பண்ணப் போகாது, லீவை யாருக்கும் தானம் குடுக்காது, தழை போட்டா இருக்கற எடத்துல இருக்கும்."

நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வலிக்குதண்ணி, வலிக்குதண்ணி என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள். மருமகள் பயந்து ஓடிவந்தாள். இரண்டு கிழவிகள் கட்டிலில் கண்ணீர் விட்டுச் சிரிப்பதைப் பார்த்து, மாத்திரை கொடுக்கட்டுமா என்று கேட்டாள்.

"அண்ணன் அதைப் படிச்சிருந்தாலும் சிரிச்சிதான் இருக்கும்" என்றாள் மரகதம். "உங்க கோவம் அதுக்குத் தெரியாததா?"

"அந்தப் பேச்சே வேணாம்" என்றேன். "படிக்கல. அது போதும்."

சாப்பிடச் சொன்னாள். அமாவாசைக்கு வடை பாயசம் செய்திருந்தார்கள். அவர் படையல் நாள் இனி அந்த ஒன்பதாம் தேதியின் திதிப்படி ஆவணியில் தேய்பிறை சதுர்த்தசி, அடுத்த மாதமே வருகிறது, இரண்டு பேருமாகச் செய்யலாம் என்று பேசிக்கொண்டோம். அவருக்குப் பிடித்தது கருவாட்டுக் குழம்பு என்றேன். இல்லை, கோழிதான், நான் கூடப் பிறந்தவள், எனக்குத் தெரியாதா என்றாள். கல்யாணத்துக்கு முன்னால் அவர் என்ன தின்றார் என்பது எனக்கு எதற்கு, என் கையால் அவர் கேட்டுத் தின்றது கருவாடு என்றேன். படையலுக்குக் கருவாடா என்றாள், முகத்தைச் சுளித்துக்கொண்டு. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. முடிவாகவில்லை.


25 ஜூலை, வெள்ளி

பால்காரர் கதவைத் தட்டித்தான் கண் விழித்தேன். மணி ஏழே முக்கால். உடம்பு சரியில்லையா என்று கேட்டார். தூங்கிவிட்டேன் என்றேன்.

பலராமனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். ஒன்பதாம் தேதி என்றே கல்லில் வெட்டுங்கள், நானும் நாத்தனாரும் வருவோம், அவளுக்கு ஒரு கார் வேண்டும், நடக்க முடியாது என்று.

மரகதத்துக்கும் போன் போட்டேன். கருவாடுதான் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.